கேற்றடி அழுகையிலிருந்து: முன்பள்ளிப் பெற்றோருக்கான நாட்குறிப்பு

ஜனவரி 12

முன்பள்ளிகளில் புதுப் பிள்ளைகள் சேர்கிற காலம். திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் போனாலும் பாலையூற்றுப் பக்கம் போனாலும் காலையில் கேற்றடியில் ஒரே அழுகை. இதைக் குறைக்கப் பெற்றோர் கையாளும் வழிகளில் மோசமானது, பிள்ளை விளையாட்டுச் சாமானில் கவனமாக இருக்கும்போது சொல்லாமல் நழுவுவது. அன்றைக்குச் சத்தம் குறையும். திரும்பிப் பார்த்தபோது அம்மாவைக் காணாத பிள்ளை, அடுத்த நாள் வீட்டில் அவரைக் குளியலறைக்குக்கூடத் தனியாக விடாது. கண்ணை எடுத்தால் ஆள் மறைந்துவிடும் என்றல்லவா அது கண்டிருக்கிறது!

சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், ஆனால் ஒரு நிமிடத்துக்குள். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, அணைத்து, எப்போது வருவீர்கள் என்று சொல்லி, ஒரே ஆசிரியையின் கையில் ஒப்படைத்துவிட்டு நடந்துவிடுங்கள். மூன்று வயதுக்குப் "பதினொன்றரை" என்பது வெறும் ஓசை. "பழம் சாப்பிட்டு, கதை கேட்டு முடிய அம்மா கேற்றடியில நிற்பன்" என்றால் விளங்கும். சொன்னபடி நிற்கவும் வேண்டும்; முதல் இரண்டு கிழமைகளில் பத்து நிமிடப் பிந்தலும் பிள்ளைக்குப் பெரிது. ஜன்னலால் எட்டிப் பார்ப்பது கூடாது. அடங்கிக்கொண்டு வந்த அழுகையை அதுவே திரும்பக் கிளப்பும்.

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு மூன்று கிழமையில் பழகிவிடுவார்கள். கேற்றடியில் மட்டும் அழுது பிறகு விளையாடினால் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு மாதம் கழிந்தும் காலை முழுக்க அழுதால் ஆசிரியையிடம் முதலில் கழிப்பறையைப் பற்றிக் கேளுங்கள். இருட்டு, வழுக்கும் தரை, கழற்றத் தெரியாத பொத்தான்: இப்படிச் சின்னக் காரணம் அடிக்கடி உள்ளே இருக்கும். இழுத்துவிடக்கூடிய காற்சட்டை போட்டு அனுப்பினாலே பாதிப் பயம் போய்விடும்.

ஜனவரி 17

பொங்கல் லீவு முடிய மறுபடி அழுகை. எதிர்பார்த்ததுதான், திங்கட்கிழமைகளிலும் இப்படி வரும். முந்தின இரவே பிள்ளையோடு சேர்ந்து பையை அடுக்குங்கள். அதே சொல், அதே அணைப்பு, அதே கை. புதிதாக ஒன்றும் வேண்டாம்.

ஜனவரி 22

பிடிவாதம் பற்றிய கேள்விதான் பெற்றோர் கூட்டங்களில் அதிகம். கடையில் ரொபி கேட்டு நிலத்தில் விழுந்து புரளும் பிள்ளைக்கு என்ன செய்வது?

விழ முன்னரே செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. பசியா, நித்திரையா, வெக்கையா, சனநெரிசலா என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்ன கணக்குப்படி 3, 4 வயதுப் பிள்ளைக்குப் பகல் நித்திரையோடு சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணித்தியால நித்திரை வேண்டும். இரவு பத்தரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுப்பப்பட்ட பிள்ளையை மதிய வெயிலில் சந்தைக்குக் கூட்டிப் போனால், பழியை ரொபியின் மேல் போட ஏலாது.

விழுந்த பிறகு விளக்கம் சொல்வது வீண். அழுகையின் உச்சியில் பிள்ளைக்கு நீளமான வசனம் ஏறாது. தலையோ கையோ அடிபடாத இடத்துக்கு நகர்த்திவிட்டு, பக்கத்தில் குந்தி, தாழ்ந்த குரலில் ஒரு வசனம்: "ரொபி வேணும், தரேல்ல எண்டு கோபம்." பிறகு பேசாமல் இருங்கள். அணைக்க விட்டால் அணையுங்கள், தள்ளிவிட்டால் ஒரு கை தூரத்தில் இருங்கள். அடித்தால் கையைப் பிடித்து "அடிக்க விடமாட்டன்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலான அடம் சில நிமிடங்களில் ஓயும். உங்களுக்கு அது அரை மணியாகத் தெரியும், அவ்வளவுதான்.

எல்லாம் கெடுவது ஐந்தாவது நிமிடத்தில். சுற்றி நிற்பவர்களின் பார்வை தாங்காமல் ரொபியை வாங்கிக் கொடுத்துவிட்டால், ஐந்து நிமிடம் கத்தினால் கிடைக்கும் என்ற கணக்கு பிள்ளைக்குத் துல்லியமாக விளங்கிவிடும். கொடுப்பதென்றால் கேட்டவுடன் கொடுங்கள். இல்லையென்றால் கடைசி வரை இல்லை. "ஐயோ பாவம் பிள்ளை" என்று தன் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டும் பக்கத்து மாமியையும் சிரித்துக்கொண்டே தடுக்க வேண்டியிருக்கும். அதுதான் கஷ்டம்!

ஓய்ந்த பிறகு தண்ணீர் கொடுங்கள், முகம் துடைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய், சாப்பிட்டு முடிய, இரண்டு வசனத்தில் கதைக்கலாம். அப்போதுதான் காதில் விழும்.

ஜனவரி 29

"என்ர பிள்ளை ஒன்றையும் பங்கு குடுக்காது." எத்தனை வயது? இரண்டரை. அந்த வயதில் அது சுயநலம் அல்ல. ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932 இல் முன்பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்து எழுதியது இன்றைக்கும் பயன்படுகிறது: சிறியவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து தனித்தனியாக விளையாடுவார்கள், சேர்ந்து விளையாடுவது வயது ஏறத்தான் கூடும்.

ஆகவே மூன்று வயதுக்குக் கீழே டச் பே கடற்கரை மணலுக்குக் கூட்டிப் போனால், இரண்டு பிள்ளைக்கு இரண்டு வாளி, ஒரே நிறத்தில். மூன்றுக்கு மேலே ஒரு வாளியைக் குறைத்து முறை பழக்கலாம். "ஐந்து நிமிடம்" என்ற முறை வேலை செய்யாது, முடிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும்: ஊஞ்சல் என்றால் பத்து ஆட்டம், எண்ணி, வாளி என்றால் நிரப்பிக் கவிழ்க்கும் வரை. காத்திருக்கும் பிள்ளைக்குக் கையில் ஒரு வேலை கொடுங்கள், சிப்பி பொறுக்குவது போதும்.

பறித்துவிட்டால் "சொறி சொல்லு" என்று கழுத்தைப் பிடிக்காதீர்கள். அழும் பிள்ளையின் முகத்தைக் காட்டி, "அவவுக்கு என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். நாலு வயதுப் பிள்ளை வாளியைத் தானாகவே திருப்பி நீட்டுவதுண்டு.

பெப்ரவரி 4

மத்திய கிழக்கில் தாய் வேலை செய்யும் வீடுகளுக்கு. குவைத், சவூதி, கத்தார் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால், டுபாய் ஒன்றரை. இங்கே பிள்ளை படுக்கும் எட்டு மணி குவைத்தில் மாலை ஐந்தரை, வீட்டு வேலையின் நெருக்கமான நேரம். அந்த நேரத்துக்கு அழைப்பை வைத்துப் பிந்தினால் பிள்ளை ஒவ்வொரு இரவும் ஏமாறும். அதைவிட, தாய் தனக்கு வசதியான நேரத்தில் இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்றை அனுப்பட்டும்: ஒரு பாட்டு, பிள்ளையின் பெயர், "நல்லா நித்திரை கொள்ளுங்கோ". அம்மம்மா தினமும் அதைப் பாயில் வைத்துப் போடலாம். வீடியோ அழைப்பு கிழமையில் இரண்டு நாள், நிச்சயமான நாள்.

அழைப்பில் "சாப்பிட்டியா? குழப்படி செய்யிறியா?" என்ற விசாரணை ஒரு நிமிடத்தில் பிள்ளையை ஓட வைக்கும். கீறிய படத்தைக் காட்டச் சொல்லுங்கள், தாய் அங்கே காய் வெட்டுவதைக் காட்டட்டும். ஓடிப் போனால் அது அன்பில்லாமை அல்ல, அந்த வயதின் கவனம் அவ்வளவுதான். "நீ குழப்படி செய்தா அம்மா வரமாட்டா" என்ற வசனத்தை மட்டும் வீட்டில் ஒருவரும் சொல்லக் கூடாது. தாய் போனதற்கும் தான்தான் காரணம் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும்.

பெப்ரவரி 10

சிவராத்திரியும் அதை ஒட்டிய கோணேசர் கோயில் நகர்வலமும் வருகின்றன. இத்தனை நாளும் "சாப்பிடாட்டிப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகும்" என்று சொல்லி வளர்த்த பிள்ளை சனக்கூட்டத்தில் தவறினால் எங்கே ஓடும்? உதவி செய்யக்கூடிய சீருடையைக் கண்டு ஒளிந்துகொள்ளும். "டொக்டர் ஊசி போடுவார்" என்ற வெருட்டும் அப்படித்தான், அடுத்த தடுப்பூசி நாளில் நீங்களே அனுபவிப்பீர்கள்.

போக முன் பொலிஸ்காரரைக் காட்டி, "அம்மாவைக் காணேல்ல எண்டு இவையிட்ட சொல்லோணும்" என்று பழக்குங்கள். நாலு வயதுப் பிள்ளை தன் முழுப்பெயரையும் அப்பாவின் பெயரையும் சொல்லப் பழகலாம். தொலைபேசி இலக்கத்தைத் துண்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் வையுங்கள். வெளியே தெரியும்படி பெயரை எழுத வேண்டாம்.

பெப்ரவரி 17

போன். குழந்தைக்கு முன்னால் தாய் சில நிமிடம் முகத்தை அசைவில்லாமல் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக்கின் குழுவினர் பார்த்தார்கள். 1978 இல் வெளியான அந்த ஆய்வில், குழந்தை முதலில் சிரித்து அழைத்துப் பார்க்கும், பதில் வராதபோது முகத்தைத் திருப்பிச் சுருங்கிவிடும். போனைப் பார்க்கும் முகமும் அசையாத முகம்தான். பிள்ளைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள் (2 முதல் 4 வயதுக்கு நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது, இரண்டு வயதுக்குக் கீழே கூடவே கூடாது). தன் போனைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இரவு கடலுக்குப் போய் விடிய வரும் அப்பாக்களுக்கும் பத்து நிமிடம் போதும். போன் அலுமாரிக்குள். விளையாட்டைப் பிள்ளை தெரிவு செய்யட்டும். நீங்கள் கேள்வி கேட்கவோ படிப்பிக்கவோ திருத்தவோ வேண்டாம், காண்பதைச் சொன்னால் போதும்: "பெரிய வள்ளம் செய்யிறீங்க... இப்ப ஆக்கள் ஏறினம்." "இது என்ன நிறம்?" என்று கேட்டவுடன் விளையாட்டுப் பரீட்சையாகிவிடும்.

பெப்ரவரி 24

பிள்ளையின் வளர்ச்சியில் எதைக் காத்திருந்து பார்க்கக் கூடாது? ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது; 18 மாதத்தில் விரலால் சுட்டிக் காட்டாதது; இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்காதது; எந்த வயதிலும் இருந்த சொல்லோ சிரிப்போ இல்லாமல் போவது. "அப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று அப்பம்மா சொன்னாலும் போய்க் காட்டுங்கள். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொன்னால் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) வைத்தியரிடம் அனுப்புவார். காது கேட்கிறதா என்பதையும் சோதிக்கக் கேளுங்கள். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வதாகச் சந்தேகம் வந்தால் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம்.

கிளினிக்கில் புதிய இடத்தைக் கண்டு பிள்ளை ஒன்றும் செய்யாமல் நிற்கும், வைத்தியருக்கும் நேரம் குறைவு. வீட்டில் விளையாடும்போது எடுத்த இரண்டு நிமிட வீடியோ, எந்த மாதத்தில் என்ன சொல் வந்தது என்ற குறிப்பு, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு ஆகிய மூன்றையும் கையோடு கொண்டு போங்கள்.