கரண்ட் போனால் நிற்க, வந்தால் தொடர: சிக்-ஸ்டாப், சிக்-கான்ட் செய்து பார்த்தது

இடம் காரைக்குடி, லினக்ஸ் லேப்டாப். ஆத்தங்குடி கல் பதித்த வளவு, முகப்பு வீடியோக்களை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) ஒவ்வொன்றாக எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரலிடம் கொடுத்துச் சுருக்குகிறது. கரண்ட் போனால் இந்த வேலை பேட்டரியைக் குடித்துவிடும். அதைத் தடுக்க, ஓடும் நிரலுக்கு அனுப்பும் இரண்டு சிக்னல்கள்: நிறுத்த சிக்-ஸ்டாப், தொடர சிக்-கான்ட்.

முதலில் ஸ்கிரிப்டின் பிஐடிக்கு (ஓடும் நிரலின் எண்) மட்டும், சிக்னல் அனுப்பும் கட்டளையான கில் கொண்டு, கில் -ஸ்டாப். ஓடும் நிரல்களைக் காட்டும் டாப்பில் பார்த்தால் சிபியு பயன்பாடு குறையவே இல்லை. நின்றது ஸ்கிரிப்ட் மட்டும். அது கிளப்பிவிட்ட எஃப்எஃப்எம்பெக் கையில் இருந்த கோப்பை ஓட்டிக்கொண்டே இருந்தது. பிஎஸ் -ஓ பிஜிஐடி கட்டளை கொடுத்து, இரண்டும் சேர்ந்திருக்கும் குழுவின் எண்ணை எடுத்து, அதன் முன் கழித்தல் குறி போட்டு அனுப்பியதும் இரண்டும் நின்றன: நிலை 'T' (நிறுத்தப்பட்டது), சிபியு 0. ரேம் மட்டும் அப்படியே பிடித்திருக்கும்.

சிக்னலை எண்ணால் எழுத வேண்டாம். சாதாரண பிசி லினக்ஸில் 19 நிறுத்தும், 18 தொடரும். மேக்கில் நிறுத்துவது 17, அங்கே 19 என்றால் தொடர்! பெயரே பத்திரம்.

அடுத்து தானியக்கம். லினக்ஸ் வன்பொருள் நிலையைக் காட்டும் சிஸ் (/sys) அடைவில் பவர் சப்ளையின் கீழுள்ள ஆன்லைன் கோப்பு, சார்ஜரில் கரண்ட் இருந்தால் 1, இல்லையென்றால் 0. ஒரு காவல் ஸ்கிரிப்ட் இதைப் பத்து வினாடிக்கு ஒருமுறை படித்து, மதிப்பு மாறினால் மட்டும் ஸ்டாப் அல்லது கான்ட் அனுப்பும். இன்வெர்ட்டர் பிளக்கில் சார்ஜரைச் செருகியிருந்தால் கோப்பு எப்போதும் 1தான், கரண்ட் போனதே தெரியாது. இன்வெர்ட்டர் லைன் இல்லாத பாயின்டில் செருக வேண்டும். காவல் ஸ்கிரிப்ட்டைத் தனி டெர்மினலில் ஓட்டுவதும் கட்டாயம். ஒரே குழுவில் இருந்தால் அதுவும் சேர்ந்து உறைந்துபோகும். எழுப்ப ஆள் இருக்காது.

வெளியிலிருந்து கான்ட் அனுப்பினால் வேலை பின்னணியில்தான் எழும். அங்கிருந்து டெர்மினலைப் படிக்க முயன்றால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சிக்-டிடின் என்ற சிக்னலை அனுப்பி மறுபடி நிறுத்திவிடும். எஃப்எஃப்எம்பெக்குக்கு, டெர்மினலைப் படிக்காதே என்னும் -நோஸ்டிடின் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

பேட்டரியும் தீர்ந்தால் எல்லாம் போச்சு, நிறுத்தி வைப்பது சேமிப்பு அல்ல. எம்பி4 கோப்பு, எது எங்கே இருக்கிறது என்ற தன் அட்டவணையைக் கடைசியில் எழுதுவதால் பாதிக் கோப்பு திறக்காது. எம்கேவி என்றால் எழுதிய வரை பார்க்கலாம்.

நின்ற வேலையைக் கைவிட டெர்ம் (முடித்துக்கொள் என்னும் சிக்னல்) மட்டும் அனுப்பினால் அது வரிசையில் காத்துக் கிடக்கும். பின்னாலேயே கான்ட் அனுப்பினால்தான் எஃப்எஃப்எம்பெக் கோப்பை முறையாக மூடிவிட்டு வெளியேறும்.