புள்ளியும் விர்குலும்

மொரிஷியஸுக்கு வந்த புதிதில் காதில் விழுந்து அப்படியே தங்கிவிட்ட சொற்களில் ஒன்று 'விர்குல்'. எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த வயல் அலுவலர் இருந்தார். கோயில் பள்ளியில் தமிழ் படித்தவர். வீட்டில் கிரியோல், கோப்புகளில் பிரெஞ்சும் ஆங்கிலமும், என்னிடம் மட்டும் தமிழ். கரும்பின் சர்க்கரை அளவைச் சொல்லும்போது "பன்னிரண்டு விர்குல் நாலு, அம்மா" என்பார். "பன்னிரண்டு புள்ளி நாலு, சரிதானே ஐயா?" என்று கேட்டு நான் எழுதிக்கொள்வேன். தசமத்துக்கு நம் ஊரில் புள்ளி, பிரெஞ்சுப் பழக்கத்தில் காற்புள்ளி. எங்கள் இருவருக்கும் இடையில் இதனால் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. குழப்பம் வந்தது நான் கட்டிய மென்பொருளில்.

எங்கள் வேலை கரும்பு வயல் சோதனைகளுக்குப் புள்ளியியல் கணக்குப் போட்டுத் தருவது. ஒரு சோதனையில் ஆறு ரகம் என்றால் நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் ரகங்களைக் குலுக்கி நடுவார்கள்; மொத்தம் 24 பாத்திகள். இங்கே ஜூனில் தொடங்கும் அறுவடை டிசம்பர் வரை போகும். அந்த மாதங்களில் வயல் அலுவலர்கள் எக்செல் கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். நான் அவற்றை 'ஆர்' மென்பொருளில் ஓட்டி, முடிவைத் திருப்பி அனுப்புவேன். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990களில் உருவாக்கிய மொழி அது. காசு கிடையாது, எதையும் செய்யும், ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு வயலில் நிற்கிறவர்களிடம் அதைக் கேட்க முடியாது. ஒரு நாளில் பத்துப் பதினைந்து கோப்புகள் வந்து குவிந்த ஒரு வாரத்தில்தான், ஆருக்கு மேலே ஒரு வலைப்பக்கம் போர்த்திவிடலாம் என்று முடிவு செய்தேன். கோப்பை ஏற்று, எந்தப் பத்தி எது என்று தேர்ந்தெடு, பொத்தானை அழுத்து. அவ்வளவுதான் அவர்கள் செய்ய வேண்டியது.

முதலில் எளிய வழியில் போனேன். யாராவது பொத்தானை அழுத்தினால் சர்வர் புதிதாக ஓர் ஆரை எழுப்பும். அது தொகுப்புகளை (கணக்குக்கு வேண்டிய கூடுதல் நிரல்களை) ஏற்றிக்கொண்டு, கணக்கை முடித்துவிட்டுச் சாகும். எழும்புவதற்கே சில விநாடிகள் போயின. அதனால் பிளம்பர் என்ற தொகுப்புக்கு மாறினேன். அது ஆரை விழித்த நிலையிலேயே வைத்திருந்து, நாம் எழுதிய ஒவ்வொரு செயல்கூறுக்கும் ஒரு வலை முகவரி கொடுத்துவிடும். வேகம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. ஆர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். ஒருவர் பத்தாயிரம் முறை மறுமாதிரி எடுக்கும் கணக்கைத் தொடங்கிவிட்டால் மற்ற எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும். கோரிக்கைகளை வாங்கி ஆருக்குக் கடத்த முன்னால் நிறுத்தியிருந்த என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள், நாம் மாற்றிச் சொல்லாதவரை 60 விநாடிதான் பொறுத்துப் பார்க்கும். பிறகு 504 என்று ஒரு பக்கத்தைக் காட்டிக் கையை விரித்துவிடும். திரையில் பிழையைப் பார்க்கிறவர் என்ன செய்வார்? மறுபடி அழுத்துவார். உள்ளே பழைய கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அதன் பின்னால் புதியது வரிசையில் சேரும். நான்கு முறை அழுத்தினால் நான்கு.

ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பதுபோல் செய்த பிறகுதான் இது தீர்ந்தது. பொத்தானை அழுத்தியதும் ஓர் எண் வரும். கணக்கு பின்னால் தனியாக ஓடும். பக்கத்தை மூடிவிட்டு வயலுக்குப் போய் வந்துகூட அந்த எண்ணைக் கொடுத்து முடிவை வாங்கிக்கொள்ளலாம். இன்னொரு தவற்றையும் அந்த வாரமே திருத்தினேன். எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று ஆருக்குச் சொல்லும் சமன்பாட்டை அவர்களே தட்டச்சு செய்ய ஒரு பெட்டி வைத்திருந்தேன். ஆரில் சமன்பாட்டுக்குள் எழுதுவதும் கட்டளையாகவே இயங்கும்; சர்வரின் கோப்புகளை அழிக்கும் கட்டளையைக்கூட அதற்குள் எழுதிவிடலாம். பெட்டியை எடுத்துவிட்டுப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி மாற்றினேன்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகள். பிழை என்று எழுதிக் காட்டும், திருத்திவிடலாம். நான் இதை எழுத உட்கார்ந்தது மற்றொன்றைச் சொல்ல.

ஆகஸ்டில் ஒரு நாள் ஐயா ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவருடைய 24 பாத்திகளின் சர்க்கரைச் சதவீதம். பக்கம் எந்தப் பிழையும் காட்டவில்லை. மொத்தச் சராசரி 12.5 என்று இருந்தது. இந்தத் தீவில் யாரும் புருவம் உயர்த்தாத எண். ரகங்களின் தரவரிசையும் அவர் வயலில் பார்த்தது போலவேதான் இருந்தது. ரகங்களுக்கிடையே உண்மையான வேறுபாடு உண்டு என்றும் சோதனை சொன்னது. அவர் இரண்டு இடங்களில் விரலை வைத்தார். அடியில் இருந்த ரகத்தின் சராசரி 4.75. மேலே இருந்தது 20.25.

"இந்த ரகத்தைப் பிஞ்சில் வெட்டியிருந்தால்கூட நம்பலாம். நான் முற்றிய கரும்பை அல்லவா வெட்டினேன்! இந்த இருபதை, நாற்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை, அம்மா."

கோப்பைத் திறந்தேன். 12,43. 13,08. 11,71. எல்லாம் காற்புள்ளி. அவருடைய கணினி பிரெஞ்சு அமைப்பில் இருந்தது. அந்த அமைப்பில் எக்செல், சிஎஸ்வி என்ற எளிய உரைக்கோப்பாகச் சேமிக்கும்போது பத்திகளை அரைப்புள்ளியால் பிரிக்கும். அந்த அரைப்புள்ளியைக் கண்டுகொள்ள நான் ஏற்பாடு செய்திருந்தேன், காற்புள்ளியை மறந்திருந்தேன். 12,43 என்பது எண் என்று ஆருக்குத் தெரியவில்லை, சொல் என்று எடுத்துக்கொண்டது. அப்போது சர்வரில் இருந்தது 3.5.2 பதிப்பு. சொற்கள் உள்ள பத்தியை அந்தப் பதிப்பு தானாகவே 'ஃபேக்டர்' ஆக்கிவிடும். அதாவது, வெவ்வேறு சொற்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று உள்ளே ஓர் இலக்கம் கொடுத்துவிடும். அதன்மேல் நான் பாதுகாப்புக்கு என்று ஒரு வரி எழுதியிருந்தேன்: பத்தி எண்ணாக இல்லாவிட்டால் எண்ணாக மாற்று. ஆர் மாற்றியது. 12,43ஐ 12.43 ஆக்கவில்லை, அதன் உள் இலக்கத்தைத் தூக்கிக் கொடுத்தது.

எல்லா அளவுகளும் பத்துக்கு மேல், எல்லாம் ஒரே அமைப்பில் எழுதப்பட்டவை என்பதால் அகரவரிசையும் எண்வரிசையும் ஒன்றாகிவிட்டன. தரவரிசை கெடாமல் இருந்தது அதனால்தான். ஒன்று முதல் 24 வரை கூட்டி 24ஆல் வகுத்தால் 12.5 வரும். சர்க்கரைச் சதவீதத்துக்கு அவ்வளவு பொருத்தமான ஒரு பொய் தற்செயலாக அமைந்துவிட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்பு கோப்பு என் கைக்கு வரும்போது நான் அதைத் திறந்து பார்ப்பேன். எந்த விதியும் எழுதி வைத்ததில்லை, பழக்கத்தில் கண் ஓடும். காற்புள்ளியைக் கண்டால் மாற்றுவேன், காலியான கட்டத்தைக் கண்டால் தொலைபேசியில் கேட்பேன். வலைப்பக்கம் கட்டியபோது கணக்கை மட்டும் உள்ளே வைத்தேன். அந்தப் பார்வையை வெளியே விட்டுவிட்டேன். அது வேலையின் ஒரு பகுதி என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. மறுநாள் அதுவரை பக்கத்தின் வழியாகப் போன அத்தனை கோப்புகளையும் கையால் திறந்து பார்த்தேன். மேலும் மூன்றில் இதே கதை. மூவரையும் அழைத்து நடந்ததைச் சொன்னேன். ஒருவர் அந்த முடிவை ஏற்கெனவே தன் மேலதிகாரிக்கு அனுப்பியிருந்தார். அவரிடம் பேசிய அந்தப் பத்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

ஆர் 4.0.0 பதிப்பு 2020 ஏப்ரலில் வந்தபோது சொற்களைத் தானாக ஃபேக்டர் ஆக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். பலரும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த மாற்றம். செய்தியைப் படித்ததும் முதலில் ஐயாவுக்குத்தான் சொன்னேன்.

இன்னொன்றும் அதே பருவத்தில் வந்தது. என் மேசைக் கணினியிலும் சர்வரிலும் ஒரே நிரல், ஒரே கோப்பு, ஆனால் குணகங்கள் (ஒவ்வொரு ரகமும் அடிப்படை ரகத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்லும் எண்கள்) வேறு. சேவையாக இயங்கும் ஆருக்கு மொழி அமைப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை. அப்படிப்பட்ட நிலையில் அது பெரிய எழுத்துகள் எல்லாவற்றையும் முன்னால் அடுக்கி, சின்ன எழுத்துகளைப் பின்னால் தள்ளும். வரிசையில் முதலில் வரும் ரகத்தைத்தான் ஆர் ஒப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளும். வரிசை மாறினால் அடிப்படை மாறும், ஒவ்வொரு எண்ணும் மாறும். இதை ஐயாவிடம் விளக்கியபோது அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மொரிஷியஸ் ரூபாய்த்தாளை எடுத்து நீட்டினார். 1998இல் வெளியிட்ட தாள்களில் தமிழுக்கு முன்னால் இந்தியை வைத்துவிட்டார்கள்; இங்குள்ள தமிழர்கள் எதிர்த்து நின்ற பிறகு அவற்றைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். "வரிசை எங்களுக்குத் தெரியும், அம்மா" என்றார். சர்வரின் மொழி அமைப்பைக் குறித்துக் கொடுத்ததோடு, அடிப்படை ரகம் எது என்பதை அலுவலரே தேர்ந்தெடுக்கும்படியும் செய்தேன்.

இப்போது கோப்பை ஏற்றியதும் கணக்கு தொடங்காது. முதலில் ஒரு பக்கம் வரும்: 'உங்கள் கோப்பை இப்படிப் படித்திருக்கிறேன்' என்று கிரியோலில் தலைப்பு. முதல் ஐந்து வரிகள், ஒவ்வொரு பத்தியிலும் மிகச் சிறியதும் மிகப் பெரியதும், தசமம் புள்ளியா காற்புள்ளியா என்ற குறிப்பு. எண்ணாக மாற்ற முடியாத கட்டம் ஒன்று இருந்தாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். ஒரு சொடுக்கு அதிகம் என்று இளைஞர்கள் குறைப்படுகிறார்கள். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஐயா ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்த பெண் போன மாதம் தெற்கே ஒரு வயலிலிருந்து அழைத்தாள். "அக்கா, மிகப் பெரியது 142 என்று காட்டுகிறது. பதினான்கு விர்குல் இரண்டு இருக்க வேண்டும். நான்தான் அடிக்கும்போது விட்டுவிட்டேன் போலிருக்கிறது." திருத்தி மறுபடி ஏற்றினாள். நான் தொலைபேசியை வைப்பதற்குள் அவளுக்கு டோக்கன் எண் வந்திருந்தது.