டிக்கியில் ஒரு பை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பை

செப்டம்பர் 28, 2025, ஞாயிறு

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவ விடுவதற்கு முன்னால் டிக்கியைக் காலி செய்தேன். கம்பி வளைந்த குடை, கல்யாண வீடுகளில் வாங்கிய தாம்பூலப் பைகள், பாதி தீர்ந்த கூலன்ட் கேன், பாப்பாவுக்குப் பத்தாமல் போன ஷூ. வண்டி வாங்கியபோது கூடவே கொடுத்த முதலுதவிப் பெட்டி ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடந்தது. திறந்தால், பிளாஸ்டரின் பசை வெயிலில் இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கப் பிரிக்க மஞ்சளாக இழுபடுகிறது. ஆயின்ட்மென்ட் டியூபின் தேதி எப்போதோ முடிந்துவிட்டது.

திரும்ப அடுக்கும்போது குப்பை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது, வழியில் மாட்டிக்கொண்டால் உதவுகிற அவசரப் பைதான் போக வேண்டும். தீபாவளிக்குக் கும்பகோணம் கிளம்புகிறோம். அத்தை, பாப்பா, அவர், நான். வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரம்.

போன வருஷம் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணையில் வெள்ளம். அரசூர் பக்கம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை மேலேயே தண்ணீர் பாய்ந்து போக்குவரத்து நின்றுவிட்டது. நின்ற வண்டிகளில் என் தங்கை குடும்பமும் இருந்தது. முன்னால் லாரி, பின்னால் பஸ், இரண்டு பக்கமும் தண்ணீர். "பசியைத் தாங்கிக்கலாம்க்கா. ஒதுங்க இடமே இல்ல. அதுக்குப் பயந்து நானும் மாமியாரும் தண்ணியே குடிக்கல" என்றாள். இணையத்தில் ஏகப்பட்ட பட்டியல்கள் பார்த்தேன். டார்ச் இருக்கிறது, கயிறு இருக்கிறது, இது மட்டும் எதிலும் இல்லை. பாதி ஜனத்தின் முதல் தேவை இது.

அதனால் என் பட்டியலில் முதல் பொருள் ஒரு பழைய பருத்திப் புடவை. ஒரே பக்கத்து முன்கதவையும் பின்கதவையும் திறந்து, மேலே சுற்றிப் புடவையைத் தொங்கவிட்டால் நடுவில் மறைவாக ஓர் ஆள் உட்கார இடம் கிடைக்கும். வாசலில் வண்டியை நிறுத்திக் கட்டிப் பார்த்தேன். ஜன்னலின் மேல்விளிம்பில் முந்தானையைச் செருகிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் காற்றுக்கும் அசையவில்லை. அதே புடவை கை ஒடிந்தால் தூளி, குளிருக்குப் போர்வை, நனைந்தால் துவட்ட. கூடவே நாப்கின், பழைய செய்தித்தாள், கறுப்புக் கவர், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற, உள்ளே தூள் போட்ட சிறுநீர்ப் பைகள். பயணத்துக்கென்றே விற்கிறார்கள், ஈரத்தைக் கெட்டியாக்கிவிடும், சிந்தாது.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை மெக்கானிக் ஷெட்டிலும் பூஜை என்பதால் இன்றே போய்விட்டேன். மெக்கானிக் அண்ணன் முதலில் கையை வைத்தது ஸ்டெப்னியில். "நாலு டயருக்குக் காத்து புடிக்கிறவங்க அஞ்சாவதை மறந்துடுவாங்க மேடம்." மற்ற நான்குக்கும் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அடித்துக் கொடுத்தார், சும்மா கிடந்தாலும் காற்று இறங்குமாம்.

ஸ்பேனரோடு சேர்த்து ஒன்றரை அடி இரும்புக் குழாய் ஒன்றை வைக்கச் சொன்னார். ஷோரூமில் மெஷின் வைத்து இறுக்கிய நட்டை, வண்டியோடு தருகிற குட்டை ஸ்பேனரால் என்னால் அசைக்கவே முடியவில்லை. குழாயை ஸ்பேனர் கைப்பிடியில் மாட்டி அமுக்கியதும் கிறீச்சென்று கழன்றது. ஜாக்கி வைக்கும் முன்பே, டயர் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட வேண்டும். மழைக்காலத்தில் இன்னொன்றும் வேண்டும்: ஈரமண்ணில் ஜாக்கி புதைந்துவிடும். சதுரமான பலகைத் துண்டு ஒன்றை அதற்காகவே போட்டிருக்கிறேன்.

ஜம்ப்பர் கேபிள் வரிசையை மாஸ்கிங் டேப்பில் எழுதிக் கேபிளிலேயே சுற்றிவிட்டேன். செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் சிவப்பு, அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில், நல்ல பேட்டரியின் மைனஸில் கறுப்பு, கறுப்பின் மறுமுனை நின்றுபோன வண்டியின் இன்ஜினில், பெயின்ட் இல்லாத இரும்பில். கடைசி முனையைப் பேட்டரியிலேயே மாட்டினால் பொறி பறக்கும், பேட்டரிக்குப் பக்கத்தில் அது ஆபத்து.

அக்டோபர் 1, புதன்

பூஜை. அத்தை வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு ஜாக்கிக்கும், சிவப்பு முக்கோணத்துக்கும், புதிதாக வாங்கிய ஒரு கிலோ தீயணைப்பானுக்கும் பொட்டு வைத்தார். "ஆபத்துல உதவுறது எல்லாம் ஆயுதம்தானேம்மா." மனசு நிறைந்துவிட்டது.

அக்டோபர் 4, சனி

வெளியே நிறுத்திய வண்டியில் மதியம் மூன்று மணிக்கு ஏறினேன். பெல்ட் கொக்கி சுட்டது. மழைக்கென்று கட்டுகிற பை வருஷம் முழுக்க இந்தச் சூட்டில்தான் கிடக்கப் போகிறது. எதை வைப்பது என்பதைவிட எதை வைக்கக் கூடாது என்பதற்கே இன்றைய நேரம் போனது.

பவர் பேங்க், லைட்டர், ஸ்பிரே டப்பா, சானிடைசர் எதுவும் வண்டியில் தங்கக் கூடாது. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது. பவர் பேங்க் என் கைப்பையில் வந்து கைப்பையிலேயே திரும்பும். டார்ச்சுக்குள் செல்லைப் போட்டு வைக்கவில்லை. கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். செல்லைத் தனி உறையில் போட்டு டார்ச்சோடு ரப்பர் பேண்டில் கட்டியாகிவிட்டது.

மாத்திரைகளும் அப்படித்தான். அத்தையின் இன்சுலினைப் பற்றி நீளமாகப் பேசினோம். திறக்காதது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்து பயன்படுத்துகிற பேனாவுக்கு அவ்வளவு குளிர் வேண்டாம், ஆனால் வண்டிச் சூடு அதைக் கெடுத்துவிடும். கெட்டது கண்ணுக்குத் தெரியாது, போட்டுக்கொண்ட பிறகு சர்க்கரை இறங்காதபோதுதான் தெரியும். ஐஸ்கட்டி மேல் நேராகப் படவும் கூடாது, உறைந்தால் அதுவும் வீண். சிறிய குளிர்ப்பை, துண்டில் சுற்றிய ஐஸ் ஜெல், நடுவில் இன்சுலின், அது அத்தையின் மடியில். எங்கே இறங்கினாலும் அதுவும் அத்தையோடு இறங்கும்.

"மூணு நாளைக்குத்தானே போறோம்" என்றார் அத்தை. மருந்து ஒரு வாரத்துக்கு எடுத்துவைக்கிறேன் என்றேன். பாலம் மூடிவிட்டால் மூன்று நாள் ஐந்து நாளாகிவிடும்.

அக்டோபர் 8, புதன்

சாப்பாடு. முறுக்கு, மிக்சர் வேண்டாம். சூட்டில் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும். சாக்லேட் உருகும். பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், பிஸ்கட். அரிசிப்பொரி இடம் அடைத்தாலும் பாப்பாவை ரொம்ப நேரம் ஓட்டும். தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், மாதாமாதம் மாற்ற வேண்டும். பழையதைச் செடிக்கு ஊற்றிவிடலாம். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. மாற்றிக் கலந்தால் குழந்தைக்கு உப்பு அதிகமாகிவிடும் என்பதால் ஒரே அளவில் மட்டும் வாங்கினேன், அதே அளவுக் குப்பியும்.

ரொக்கம்: பத்தும் இருபதும் ஐம்பதும் நூறுமாக. கரண்ட் போய் டவர் படுத்துவிட்டால் ஜிபே ஓடாது. 2015 டிசம்பரில் சென்னையில் ஏடிஎம்மும் செல்போனும் சேர்ந்தே செத்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 11, சனி

இதுவரை சேர்த்தது எல்லாம் டிக்கிக்குள். இன்று பெல்ட் போட்டு உட்கார்ந்து, இந்த நிலையிலிருந்து எதெல்லாம் கைக்கு எட்டுகிறது என்று பார்த்தோம். என்னைப் பொறுத்தவரை மொத்த ஏற்பாட்டிலும் முக்கியம் இதுதான். தண்ணீருக்குள் வண்டி இறங்கிவிட்டால் டிக்கியும் ஒன்றுதான், அடுத்த ஊரும் ஒன்றுதான்.

கண்ணாடி உடைக்கும் சுத்தியல், பெல்ட் அறுக்கும் பிளேடு அதிலேயே இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் வைத்தால் வண்டி சாயும்போது எங்கே உருண்டதென்று தெரியாது. டிரைவர் இருக்கைக்குப் பக்கவாட்டில் வெல்க்ரோ போட்டு ஒட்டினேன். பின்னால் உட்காருபவர்களுக்கு இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னேன். பாப்பா என்னைவிட வேகம்.

முன்கண்ணாடியை அடித்துப் பயனில்லை. இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் இருப்பதால் விரிசல் விடும், வழி விடாது. பக்கக் கண்ணாடியின் மூலையில்தான் அடிக்க வேண்டும். ஆனால் சில புது வண்டிகளில் பக்கக் கண்ணாடியும் அதே அடுக்குக் கண்ணாடியாக வருகிறது. கண்ணாடி ஓரத்தில் பொடி எழுத்தில் டெம்பர்டா (அடித்தால் பொடியாக உதிர்வது) லேமினேட்டடா (அடுக்கு) என்று போட்டிருக்கும்; எங்களுடையது டெம்பர்டு. சுத்தியல் வாங்குகிற எல்லோரும் முதலில் அதைப் படித்துவிட வேண்டும்.

வரிசையை எல்லோரும் வாய்விட்டுச் சொன்னோம். பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, முதலில் பாப்பா, பிறகு அத்தை. கதவோடு மல்லுக்கட்டி நேரத்தைத் தொலைக்கக் கூடாது, வெளித்தண்ணீர் அழுத்தத்தில் அது திறக்காது. கரண்ட் இருக்கும்போதே, தண்ணீர் ஏறுவதற்குள் பவர் விண்டோவை இறக்கிவிட வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் வண்டி அணைந்தால் சாவியைத் தொடக் கூடாது என்று அவரிடம் சத்தியமே வாங்கிவிட்டேன். தண்ணீரை உறிஞ்சிய சிலிண்டரில் பிஸ்டன் அழுத்தினால், தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடு வளையும். அணைந்த வண்டியைத் தள்ளிக் கரையேற்றி, கட்டி இழுத்துப் போவதுதான் வழி. இழுக்கும் கொக்கி ஸ்டெப்னிக் குழியில் தனியாகக் கிடக்கிறது. பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து மரை போட்டு ஏற்ற வேண்டும். ஏற்றிப் பார்த்தேன்.

அத்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் தர குளுக்கோஸ் பொடியும் முன் கதவுப் பையில். மூன்று ஸ்பூன், கால் மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதனை.

அக்டோபர் 17, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. வேளச்சேரி மேம்பாலத்தைத் தாண்டும்போது போன அக்டோபர் ஞாபகம். ரெட் அலர்ட் என்றதும் பாலத்தின் ஓரம் முழுக்க கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2015லும், 2023 மிக்ஜாமிலும் வண்டி முழுகியவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஒன்று மட்டும், காரைப் பாலத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது பையையும் எடுத்துக்கொண்டுவிட வேண்டும். கரண்ட் போகப்போவது வீட்டில்தான்.

எண்களை அட்டையில் எழுதி லேமினேட் செய்தாயிற்று: 112, ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, பேரிடர் கட்டுப்பாட்டு அறை மாநிலத்துக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. பின்பக்கம் அம்மா, தங்கை, கும்பகோணம் வீடு. போன் அணைந்தால் யாருக்கும் யார் எண்ணும் மனப்பாடமாக இல்லை. டேங்க் நிரப்பியாகிவிட்டது. வழியில் பாதிக்குக் கீழ் இறங்க விடப்போவதில்லை.

அக்டோபர் 22, புதன்

சென்னைக்குத் திரும்பி வந்து சேர்ந்தோம். அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி, வழியெல்லாம் மழை. எங்களுக்குப் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. விக்கிரவாண்டி தாண்டி ஒரு குடும்பம் பைக்கோடு ஓரத்தில் நின்றது, பின்டயர் பஞ்சர், கையில் குழந்தை. முக்கோணத்தை ஐம்பது மீட்டர் பின்னால் வைத்துவிட்டு அவர் இறங்கினார். டியூப்லெஸ் டயர்தான், ஆணியைப் பிடுங்கி, துளையை ஊசியால் சுத்தம் செய்து, பட்டையைச் சொருகி, நம் பம்பில் காற்று அடித்து அனுப்பினோம். அதுவரை குழந்தையும் அதன் அம்மாவும் எங்கள் வண்டிக்குள். அத்தை புடவையை எடுத்துக் குழந்தைக்குத் துவட்டிவிட்டார்.

தங்கை பட்டியலை அனுப்பச் சொல்லிக் கேட்டாள். அனுப்பினேன், ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளாதே என்றும் எழுதினேன். அவளுக்கு ஒரு கைக்குழந்தை. இன்சுலின் பை இருக்கும் இடத்தில் அவளுக்குப் பால்பவுடர், ஃபிளாஸ்க், டயப்பர். குழந்தை சீட்டின் பெல்ட்டை அறுக்கவும் பிளேடு எட்டுகிறதா என்று பின் இருக்கையில் உட்கார்ந்து அவளே பார்க்க வேண்டும். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், அவள் வண்டியை எடுத்துக்கொண்டே. எங்கள் பையில் ஒரு பஞ்சர் பட்டை குறைகிறது, புடவை துவைத்துக் காயவேண்டும்.