வாஷிங்டன் சுலபம், ஸ்டோர்ஸ்தான் கஷ்டம்: அமெரிக்கக் கார் ஆலைக்கு அயல்வணிக மண்டலத் தகுதி

அயல்வணிக மண்டலம் என்பது அமெரிக்க மண்ணிலேயே, தீர்வைக் கணக்கில் மட்டும் நாட்டுக்கு வெளியே இருப்பதாகக் கருதப்படும் இடம். அந்தத் தகுதிக்கான விண்ணப்பத்தைத் தொடுமுன் கால்குலேட்டரை எடுங்கள். அமெரிக்காவில் முழுக் காருக்கு அடிப்படைத் தீர்வை 2.5%. அதற்குள் போகும் வயரிங் ஹார்னஸுக்கு (மின்கம்பித் தொகுப்பு) 5%, ரேடியல் டயருக்கு 4%, பெரும்பாலான பால் பேரிங்குகளுக்கு 9%. மண்டலத்துக்குள் பாகங்களை என்.பி.எஃப். (விகிதம் வெளியேறும்போது முடிவாகும்) நிலையில் சேர்த்தால், கார் வாசலைத் தாண்டும்போது அவற்றின் மதிப்புக்குக் காரின் விகிதமான 2.5% மட்டும் கட்டலாம். 1980இல் சுங்க விதி திருத்தப்பட்டதிலிருந்து ஆலையின் கூலி, மேற்செலவு, லாபம் எதற்கும் தீர்வை கிடையாது. கார் ஆலைகள் இந்த மண்டலங்களுக்குப் படையெடுக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இன்னொரு நிலை பி.எஃப். (வைப்பு நிதி அல்ல!) பாகம் உள்ளே வந்த நாளின் வகைப்பாடும் விகிதமும் அதன்மேல் முத்திரையாகப் பதிந்துவிடும், பிறகு மாற்ற முடியாது. பிக்கப் டிரக் கட்டும் ஆலைக்கு இதுதான் உயிர். டிரக்கின் தீர்வை 25%. யோசிக்காமல் என்.பி.எஃப். போட்டால், 2.5% பாகமும் 25% ஆகிவிடும். பாகத்தில் கை வைப்பதற்கு முன்பே பி.எஃப். தேர்வு செய்ய வேண்டும். அசெம்பிளி லைனில் ஏறிய பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

2025 இந்தக் கணக்கைக் குலைத்துவிட்டது. ஏப்ரல் 3 முதல் கார்களுக்கும், மே 3 முதல் பட்டியலிட்ட பாகங்களுக்கும் 25% கூடுதல் தீர்வை வந்தது. பிறகு சில நாடுகளுக்கு விகிதம் மாறியது. அந்தத் தீர்வைக்குள் வரும் பாகம் பி.எஃப். நிலையில்தான் உள்ளே வரலாம். ஆகவே அந்தப் பாகங்களுக்குக் காரின் 2.5% மட்டும் கட்டும் லாபம் போயிற்று. மிஞ்சுவது கார் வெளியேறும்வரை பணம் கையில் நிற்பது, ஏற்றுமதிக்குத் தீர்வை இல்லாதது, அனுமதி பெற்று அழித்த பாகத்துக்குக் கட்ட வேண்டாதது. ஏற்றுமதியிலும் கனடா, மெக்சிகோ விலக்கு: அங்கே போகும் கார்களுக்கு அமெரிக்காவில் தீர்வைக் கணக்கு உண்டு. பழைய ஆலோசகரின் எக்செல் தாளை நம்பி இறங்காதீர்கள். பாக எண் வாரியாகப் புதிதாகப் போடுங்கள்.

அனுமதி மூன்று. இடத்துக்கு ஒன்று, உற்பத்திக்கு ஒன்று, இரண்டையும் வாஷிங்டனில் உள்ள மண்டல வாரியம் தரும். மூன்றாவது சுங்கத்துறையின் செயல்படுத்தல், அதாவது மண்டலமாக இயங்கத் தொடங்க அனுமதி. இடத்துக்கு நீங்கள் நேரடியாகப் போக முடியாது. மண்டல உரிமம் வைத்திருக்கும் அமைப்பு வழியாகத்தான். ஸ்பார்டன்பர்க் பிஎம்டபிள்யூ ஆலை 38ஏ துணை மண்டலம் (ஒரு நிறுவனத்துக்கென ஒதுக்கிய மண்டலம்). அதன் உரிமதாரர் சவுத் கரோலினா துறைமுக ஆணையம். உங்கள் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) உரிமதாரரின் சேவைப் பகுதிக்குள் இருந்தால் சிறு எல்லை மாற்றமாக 30 நாளில் முடியும். இல்லையேல் துணை மண்டல விண்ணப்பம், 5 மாதம்.

உற்பத்தி அறிவிப்புக்கு 120 நாள். பாகங்கள், தயாரிப்புகள் எல்லாவற்றையும் 6 இலக்கத் தீர்வை எண்ணோடு பட்டியலிட வேண்டும். அரசிதழில் வந்து 40 நாள் கருத்துக்குத் திறந்திருக்கும். வலுவான ஆட்சேபம் எழுந்தால் முழு விண்ணப்பம். அது ஒரு வருட வேலை. இங்கே பெரும்பாலோர் சறுக்குவது, இன்று இறக்குமதியாகும் பாகங்களை மட்டும் எழுதுவதில். அடுத்த மாடலின் பாகம் பட்டியலில் இல்லாவிட்டால் மறுபடி 120 நாள், அதுவரை அதைத் தீர்வை கட்டியே லைனுக்குக் கொண்டுவர வேண்டும். கொள்முதல் துறையை விட டிசைன் துறையிடம் பட்டியல் கேளுங்கள். துணி சேர்ந்த பாகங்களைத் தனியாகக் குறியுங்கள், அவற்றை பி.எஃப். நிலையில் மட்டும் ஏற்றுக்கொள்வோம் என்று வாரியம் நிபந்தனை போடுவது வழக்கம்.

செயல்படுத்தலுக்குத் துறைமுக சுங்க இயக்குநரிடம் நடைமுறைக் கையேடு, வரைபடம், குறைந்தது 50,000 டாலர் பாண்டு (பிணைப் பத்திரம்). வரைபடத்தில் பாடி ஷாப்பும் பெயிண்ட் ஷாப்பும் தப்பாது. தப்புவது முடித்த கார்கள் நிற்கும் பின்புற யார்டு. தீர்வை கட்டாத கார் அந்தக் கோட்டைத் தாண்டி நின்றால், அனுமதியின்றி வெளியேற்றிய சரக்கு என்றே அர்த்தம்.

இனி ஸ்டோர்ஸ், அதாவது பாகக் கிடங்கு. முதல் நாள் கையிருப்பில் ஏற்கெனவே தீர்வை கட்டிய பாகங்களை உள்நாட்டு நிலையில் பிரித்து எண்ணுங்கள். மண்டலக் கணக்கு பாகங்களைக் கழிப்பது காரின் பில் ஆஃப் மெட்டீரியல்ஸை (ஒரு காருக்கான பாகப் பட்டியல்) வைத்து. டிசைன் மாற்றம் கணினியில் திங்களும் லைனில் வியாழனும் அமலானால், இடைப்பட்ட கார்களில் இல்லாத பாகம் கழிந்திருக்கும், இருக்கும் பாகம் கழியாமல் கிடக்கும். ஒரே பாக எண்ணில் இரண்டு நாட்டுச் சரக்கு வந்தால் இன்னும் மோசம்: தீர்வை வேறு, அலமாரி ஒன்று. எந்த நாட்டுச் சரக்கு என்பதைப் பாக எண்ணோடு ஒட்டிவிடுங்கள். ஆண்டு முடிந்து 90 நாளுக்குள் கணக்கை நேர்செய்யும்போதுதான் இதெல்லாம் வெளியே வரும். அதற்குள் ஆயிரக்கணக்கான கார்கள் விற்றுப்போயிருக்கும்.

வெளியேறும் கார்களுக்கு வாரம் ஒரே என்ட்ரி (சுங்கப் பதிவு) என்பது நல்ல சலுகை, 0.3464% செயலாக்கக் கட்டணத்துக்கு என்ட்ரிக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதால் மிச்சமாகும். ஆனால் அது வாரத் தொடக்கத்திலேயே கொடுக்கும் மதிப்பீடு. சனிக்கிழமை ஓவர்டைம் ஷிஃப்ட் வைத்து மதிப்பீட்டைத் தாண்டினால், கூடுதல் கார்கள் நகருமுன் இன்னொரு என்ட்ரி வேண்டும். ஷிஃப்ட் திட்டமிடுபவரையும் சுங்க அலுவலரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

டீலருக்கு உதிரியாகப் போகும் பாகம் காரோடு வெளியேறுவதில்லை. என்.பி.எஃப். ஹார்னஸைப் பெட்டியோடு அனுப்பினால் 2.5% செல்லாது, அதன் 5%தான். அதற்குத் தனி வெளியேற்றக் குறியீடு வைக்காவிட்டால் சர்வீஸ் பாகங்கள் எல்லாம் கார் விகிதத்தில் கழிந்துகொண்டே இருக்கும்.