அட்டையை விட்டு ஆவுளியாவுக்கு

"சரி மேடம், மாத்திக்கிறேன். என்னைக்குள்ள அனுப்பணும்?"

அவர் அதைச் சொன்ன வேகம்தான் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன், விஷயம் அத்தோடு போயிருக்கும்.

சூழல் செய்தி எழுதுகிற நிருபர்களுக்கு நாங்கள் தருகிற நிதிக்கான நேர்காணல் அது. தேர்வுக் குழுவில் ஒரு கடல் உயிரியல் பேராசிரியர், சென்னையில் ஒரு மூத்த பத்திரிகையாளர், ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் நான். விண்ணப்பித்தவர் ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். வீட்டுக்குள் சிக்னல் இல்லையென்று வாசலில் பைக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பேசினார். பெட்ரோல் டேங்க்கில் போன் வழுக்க வழுக்க நிமிர்த்திக்கொண்டே இருந்தார். எழுத நினைத்தது, பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை வழக்குகளில் சிக்கிய கூலியாட்களைப் பற்றி. முதலாளியைப் பற்றியோ படகுக்காரரைப் பற்றியோ அல்ல. அட்டையைக் கீறிக் குடலெடுத்து, வேகவைத்து, காயப்போடுகிற இடத்துக்குத் தினக்கூலிக்குப் போய் மாட்டியவர்கள். வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டில் உட்கார்ந்து, தொழிலுக்குப் போகிற நாளைத் தொலைத்தவர்கள்.

பேராசிரியர் கேட்டார்: "இதுல பல்லுயிர்ப் பாதுகாப்பு எங்க இருக்கு?"

"அட்டை உயிர் இல்லையா சார்?"

பத்திரிகையாளர் சிரித்துவிட்டார். நான்தான் இடையில் புகுந்தேன். "அட்டை உயிர்தான். ஆனா நீங்க எழுதப்போறது கேஸ்ல மாட்டுன ஆளுங்களைப் பத்தி. அது வேற கதை."

"ரெண்டும் ஒரே எடத்துலதான மேடம் நடக்குது?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. "ஆவுளியா பத்தி ஏதாவது வச்சிருக்கீங்களா? வலையில மாட்டுனத அறுத்து விடுற மீனவங்க, கடற்புல்லு, அந்த மாதிரி? அதுக்கு வாய்ப்பு அதிகம்" என்றேன். ஆவுளியா என்றால் கடற்பசு. அதற்குத்தான் அந்தச் சரி.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்குகிற பணம். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று பட்டியல் உண்டு. சூழல் சமநிலை, தாவர விலங்குகளின் பாதுகாப்பு எல்லாம் அதில் இருக்கிறது, இதழியல் இல்லை. அதனால் நிருபர்களுக்குத் தருகிற பயிற்சியையும் நிதியையும் "பல்லுயிர் விழிப்புணர்வு" என்ற தலைப்பின் கீழ்தான் எங்களால் கணக்குக் காட்ட முடியும். "அப்ப வெளிநாட்டு நிதி வாங்க வேண்டியதுதானே" என்பார்கள். சூழல் செய்திகளுக்கென்றே பணம் தருகிற சர்வதேச அமைப்புகள் உண்டுதான். 2004இல் தொடங்கிய எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க் அவற்றில் ஒன்று. ஆனால் பதிவு பெற்ற செய்தித்தாளின் நிருபரோ ஆசிரியரோ வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்கக் கூடாது என்கிறது அந்நியப் பங்களிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. எழுதியதற்கான கூலியாக வாங்கலாம் என்று சிலர் வழி சொல்வார்கள், எங்கள் ஆடிட்டர் அதற்குத் தலையாட்டவில்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஊரில் இருக்கிற சின்ன அமைப்புகளுக்குப் பெரிய அமைப்புகள் வழியாக வந்துகொண்டிருந்தது அதோடு நின்றுபோனது. ஆக, கையில் இருந்தது ஒரே ஒரு நிறுவனத்தின் பணம், அதன் அதிகாரிகள் ஆண்டறிக்கையில் போடப் படம் கேட்பார்கள். ஆவுளியா என்றால் படம் கிடைக்கும். கோர்ட் வாசலில் உட்கார்ந்திருக்கிறவரின் படத்தை எந்த ஆண்டறிக்கையில் போடுவார்கள்?

இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவ்வளவையும் நான் அவரிடம் சொல்லவில்லை. "அது வேற கதை" என்று மட்டும் சொன்னேன்.

வேறு கதைதானா? 2001இல் எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் கொடுத்த இடம். கடலடி மணலைத் தின்று, அதிலுள்ள கழிவைச் செரித்து, சுத்தமாக வெளியே தள்ளுகிற உயிர். அதை அள்ளிக்கொண்டே போனால் தரை கெட்டுப்போகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கி எடுக்கிறார்கள், பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். இந்தப் பக்கம் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1988லேயே வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கிக் காட்டிவிட்டது. வளர்க்கத் தெரிந்த ஊரில் தொட்டாலே வழக்கு, எதிர்க்கரையில் வியாபாரம். அப்படியானால் முழுத்தடை அட்டையைக் காப்பாற்றுகிறதா, இல்லை அதைக் கடத்தல்காரர் கையில் மட்டும் விட்டிருக்கிறதா? பாதுகாப்பைப் பற்றி இதைவிட நேரான கேள்வி என்ன இருக்கிறது? பேராசிரியருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்டாரோ என்றும் ஒரு சமயம் தோன்றும்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அவர் அந்த ஊர்க்காரர். அட்டை வாங்குகிறவர்கள் யார் யார் என்று ஊருக்கே தெரியும். அதை எழுதிவிட்டு மறுநாள் காலையில் அதே டீக்கடைக்கு அவர் போக வேண்டும். பகுதி நேர நிருபருக்கு எந்த டெஸ்க் துணைக்கு வரும்? ஏதாவது ஆகியிருந்தால் நாங்கள் கொடுக்கிற தொகை வக்கீல் பீஸுக்குக்கூடக் காணாது. ஆகவே நான் சொன்னது நல்லதற்குத்தான். இப்படித்தான் நண்பர்களிடம் சொல்கிறேன். இந்தக் காரணம் நேர்காணலின்போதே என் மனசில் இருந்ததா, அப்புறம் வந்து சேர்ந்துகொண்டதா என்பதைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆவுளியாக் கட்டுரையை அவர் நன்றாகவே எழுதினார். பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் அறிவித்த கதையை எல்லோரும் அரசாணையில் இருந்து தொடங்குவார்கள். இவர் வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விட்ட ஒருவரிடமிருந்து தொடங்கினார். அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "வலை என்ன வெல?" பயிலரங்கில் அந்தப் பத்தியை நான் வாசித்துக் காட்டினேன். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, அந்தாளு இன்னும் கடன் கட்டிக்கிட்டுத்தான் இருக்காரு, அதை எழுத எடம் பத்தல" என்றார்.

இரண்டாம் தவணை பில்லில் மாட்டிக்கொண்டது. வள்ளத்துக்கு யார் பில் தருவார்கள்? நோட்டுத்தாளில் "டீசல், ஒரு ஆள் கூலி" என்று எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, வள்ளக்காரர் கையெழுத்து வாங்கி அனுப்பியிருந்தார். கணக்குப் பிரிவு ஜிஎஸ்டி எண் கேட்டது. நான் சண்டை போட்டுத்தான் அதை வாங்கிக் கொடுத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குச் சாதகமாக ஒன்றாவது இருக்கட்டுமே என்றுதான். இழுபறி நடந்த நாட்களில் "மேடம், அமௌன்ட் எப்ப வரும்?" என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார்.

செய்திக்கு இவ்வளவு என்று கிடைப்பதும், விளம்பரம் பிடித்தால் வருகிற கமிஷனும்தான் பகுதி நேர நிருபரின் வருமானம். தீபாவளி மலர், பொங்கல் மலர் வந்தால் செய்தியை விட்டுவிட்டு விளம்பரத்துக்கு ஓட வேண்டும். எங்கள் நிதி அவருக்குப் பல மாதச் சம்பாத்தியம். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதே வேகத்தில்தான் சரி சொல்லியிருப்பேன். உண்மையில் அட்டைக் கதை அவருக்கு அவ்வளவு முக்கியமாக இருந்ததா என்பதையே நான் கேட்டதில்லை. கிடைத்தால் எழுதுவோம் என்றுகூட நினைத்திருக்கலாம். அவர் இறக்கி வைத்துவிட்டதை நான்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேனோ என்னவோ.

பயிற்சியில் நான் காட்டுகிற ஸ்லைடுகளில் ஒன்று, "உங்கள் ஊர்க் கதையை நிதிக்காக மாற்றாதீர்கள்." அடுத்தது, "நிதியாளர் கேட்கும் கருப்பொருளை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்." இவ்வளவு வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்டுச் சிரித்ததில்லை, குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

இந்த முறை அறிவிப்பை எழுதும்போது "பாதுகாப்புச் சட்டங்களும் கடலோர வாழ்வும்" என்று ஒரு கருப்பொருளை நானாகவே சேர்த்துப் பார்த்தேன். நிறுவனத்திலிருந்து திரும்பி வந்தபோது அந்த வரி "பல்லுயிரும் பெண்களின் வாழ்வாதாரமும்" என்று இருந்தது. நான் மறுபடி எழுதிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அறிவிப்பே தள்ளிப்போயிருக்கும்.

அவரும் விண்ணப்பித்திருக்கிறார். இந்த முறை கப்பாஃபைகஸ் பாசி, ஊரில் பெப்சி பாசி என்பார்களே, அது. வெளியிலிருந்து வந்த பாசி. 2008இல் மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் அது படர்ந்து கிடப்பது பதிவானது. பெண்கள் மிதவை கட்டி அதை வளர்த்துச் சம்பாதிப்பதும் நடக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதப்போகிறாராம். நல்ல கதை, சந்தேகமே இல்லை. பல்லுயிர், பெண்கள், வாழ்வாதாரம் மூன்றும் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட்டன. கீழே, கேட்காமலேயே, "புகைப்படங்கள் இணைக்கப்படும்" என்று ஒரு வரி.

மதிப்பெண் தாளில் "கருப்பொருளுடன் பொருத்தம்" என்ற கட்டத்தில் பத்துக்கு ஒன்பது போட்டேன். பேராசிரியர் பத்து போட்டிருந்தார்.