ஆர்வம் வராத பிள்ளைக்கும் அறிவியல் வேண்டும்

ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் ஒரு வரி தவறாமல் காதில் விழும்: 'ஒவ்வொரு மாணவரிடமும் அறிவியல் ஆர்வத்தை ஏற்படுத்த வேண்டும்.' நாங்களும் பயபக்தியோடு எழுதிக்கொள்வோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் கபடியில் ஆர்வம் வந்ததா என்று பி.இ.டி. சாரை யாரும் கேட்பதில்லை. பாட்டுக்கும் ஓவியத்துக்கும்கூட அப்படி இலக்கு கிடையாது. அறிவியலுக்கு மட்டும் ஏன் இந்தப் பேராசை? திருச்சி மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கும் எனக்கு இது நாள்பட்ட சந்தேகம்.

ஆர்வத்தைக் கிளப்புவது பெரிய காரியமில்லை. 2022 நவம்பரில் எங்கள் திருச்சியில்தான் வானவில் மன்றத்தைத் தொடங்கினார்கள். ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சோதனைப் பொருட்களோடு கருத்தாளர் பள்ளிக்கே வருவார். அன்றைக்குக் கடைசி பெஞ்சும் முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். கயிற்றில் பலூன் ராக்கெட் சீறிப் போனால் கைதட்டல் தெருவுக்குக் கேட்கும். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அந்தப் பலூன் ஏன் ஓடியது என்று கேட்டால் அதே வகுப்பு ஜன்னலைப் பார்க்கும்.

அமிலம், காரம் நடத்தும்போது மஞ்சள் தாள் செய்வோம். மஞ்சள்பொடியைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்தால் போதும், லிட்மஸ் வாங்கக் காசு வேண்டாம். சோப்புத் தண்ணீர் பட்டால் செம்பழுப்பாகும், எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்பவும் மஞ்சள். ஒருமுறை பாதி வகுப்பு "மேஜிக் மிஸ்!" என்று கூவியது. ஒருத்தி மட்டும் கூவவில்லை. படம் வரைவதுதான் அவளுக்கு உயிர், அறிவியல் நோட்டின் ஓரமெல்லாம் கோலம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "ஆரத்தித் தண்ணி செவக்கறதும் இதுதானா மிஸ்?" என்றாள்.

பதில் வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். சத்துணவு சமையல் அக்காவிடம் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு கொஞ்சம் கேட்டு வாங்கிவரச் சொன்னேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் அவளே கலந்தாள், சிவந்தது. "அப்ப எலுமிச்சம்பழம் பிழிஞ்சா இதுவும் மஞ்சளாயிடணும்ல?" சொல்லிவிட்டுத்தான் பிழிந்தாள். ஆனது. தலையை ஆட்டிவிட்டுக் கோலத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அவளுக்கு இன்றைக்கும் அறிவியல் பிடிக்காது, கேட்டால் முகத்துக்கு நேராகவே சொல்வாள். எனக்கு அதில் வருத்தமில்லை. இப்படித்தான் ஆகும் என்று முதலில் சொல்லவும், ஆகிறதா என்று கையால் செய்து பார்க்கவும் அவளுக்கு வந்துவிட்டது. இதைப் பள்ளியால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியும். ஆர்வம் வீட்டைப் பொறுத்து வரும், வயதைப் பொறுத்து வரும், வராமலும் போகும்.

வந்தவர்களும் நாம் நினைக்கிற வழியில் போவதில்லை. எங்கள் பக்கம் ஆகஸ்ட் 24, 25 வாக்கில் நிழலில்லா நாள் வரும், சூரியன் நேர் உச்சிக்கு வரும். மைதானத்தில் பிவிசி குழாயை நட்டு வைத்துக் காத்திருந்தோம். 12 மணிக்கு நிழல் மறையவில்லை, 12.17 ஆகிவிட்டது. "ஏன் மிஸ் லேட்டு?" என்று பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் விடாமல் நச்சரித்தான். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே ஏறக்குறைய 4 டிகிரி தள்ளி இருக்கிறோம், டிகிரிக்கு 4 நிமிடம் என்றதும் அவனே கணக்குப் போட்டான். மிச்சம் ஒன்றிரண்டு நிமிடம் எங்கே என்று அதற்கும் சண்டை பிடித்தான். பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்தான். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். கணக்கு உதைக்கிறதே என்று கேட்கிறவன் ஆடிட்டர் ஆனால் என்ன கெட்டுப்போகும்?

எனக்கு உறுத்துவது வேறு. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. நான் பார்த்த பள்ளிகள் பலவற்றில் அந்த 25, ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதினாலே கிடைத்துவிடுகிறது. ஆர்வம், விழிப்புணர்வு என்று சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள் இந்த 25-ஐ ஒழுங்காக நடத்தச் சொல்லட்டும். அதற்கு ஆளுக்கொரு சோதனைக்குழாய் வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஐந்து பேருக்கு ஒன்று.