மேய்ப்பர் வயலும் ஒரு சிறுவனின் போர்வையும்

பெத்லகேமுக்குப் போகும் குழுக்களில் பல, இயேசு பிறந்ததாகக் காட்டப்படும் குகையின் மேல் உள்ள பிறப்பிட ஆலயத்தை முதலில் பார்த்துவிடுகின்றன. மேய்ப்பர் வயலுக்குக் கடைசியில் 20 நிமிடம்தான் கிடைக்கிறது. அதற்குள் ஒரு பாட்டு, ஒரு குழுப்படம், பிறகு பேருந்து. முடிந்தால் இந்த வரிசையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் மேய்ப்பர்கள் முதலில் வயலில் பயந்தார்கள். பிறகு வார்த்தையைக் கேட்டார்கள், அதன்பிறகுதான் ஊருக்குள் போனார்கள். வயலைப் பார்க்காமல் குகைக்குள் இறங்குகிறவருக்கு அந்தப் பயம் தெரியாமலே போய்விடும்.

இன்னொரு ஆயத்தமும் உண்டு. முந்தின இரவு, தங்கும் விடுதியில் 25 நிமிடம் ஒதுக்கி, 'எ சார்லி பிரவுன் கிறிஸ்மஸ்' என்ற பழைய கார்ட்டூனைக் குழுவாகப் பாருங்கள். புனித பூமிக்கு வந்து கார்ட்டூனா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, உட்கார வையுங்கள். மறுநாள் காலையில் கேட்கப்போகிற வசனத்துக்கு இதைவிட எளிய விளக்கவுரை கிடைப்பது அரிது.

1965 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சி இதை முதன்முதலாக ஒளிபரப்பியது. பீனட்ஸ் சித்திரக்கதையை வரைந்த சார்லஸ் ஷூல்ஸ் எழுதியது. அவர் சபையில் ஞாயிறு வேதபாட வகுப்பு நடத்தியவர். கேளிக்கை நிகழ்ச்சியில் வேதவசனத்தை அப்படியே வாசிப்பதா என்று உடன் வேலை செய்தவர்களே தயங்கினார்கள். ஷூல்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. லூக்கா 2:8 முதல் 14 வரை, ஏறக்குறைய அப்படியே, ஒரு குழந்தையின் குரலில் வருகிறது.

அதற்கு முன்னால் இரண்டு காட்சிகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மனம் சரியில்லை என்று கதையின் நாயகனான சிறுவன் சார்லி பிரவுன், லூசி என்ற சிறுமியிடம் போகிற இடம். 5 சென்ட் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிறவள் அவள். பொறுப்பைக் கண்டு பயமா, பூனையைக் கண்டு பயமா, படிக்கட்டா, கடலா, பாலமா என்று ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு மருத்துவப் பெயர் சொல்லிக் கேட்கிறாள். கடைசியில், எல்லாவற்றையும் கண்டு பயப்படுகிற பயமா என்று கேட்டதும், அதுதான் என்று அவன் கத்துகிறான். பயத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது, பயமோ அப்படியே இருக்கிறது.

இரண்டாவது காட்சி பிள்ளைகளின் கிறிஸ்மஸ் நாடக ஒத்திகையில். லைனஸ் என்ற சின்னப் பையன் எந்நேரமும் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டே இருப்பவன். அது இல்லாமல் அவனுக்குத் தைரியம் கிடையாது. நாடகத்தில் அவனுக்குக் கிடைப்பது மேய்ப்பன் வேடம். போர்வையைத் தூக்கி எறி என்று அக்காள் லூசி அதட்டுகிறாள், வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லி முஷ்டியைக் காட்டுகிறாள். அவன் போர்வையைத் தலையில் போட்டு மேய்ப்பனின் முக்காடாக்கிக்கொள்கிறான். அப்பாவி மேய்ப்பனை அடிப்பாயா என்கிறான். நம் ஞாயிறு பள்ளி நாடகங்களில் தலையில் துண்டைப் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

பிறகு, கிறிஸ்மஸ் என்றால் என்ன என்று யாருக்காவது தெரியுமா எனச் சார்லி பிரவுன் கதறும்போது, லைனஸ் மேடை நடுவே வந்து விளக்கைப் போடச் சொல்கிறான். கையில் போர்வை இருக்கிறது. வசனம் சொல்லத் தொடங்குகிறான். தூதன் "பயப்படாதிருங்கள்" என்று சொல்லும் இடத்தில் அவன் கையைப் பாருங்கள். போர்வை நழுவித் தரையில் விழுகிறது. படத்தில் யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை, இசை கூட்டி அழுத்தம் கொடுப்பதுமில்லை. பலமுறை பார்த்தவர்களும் தவறவிட்டிருப்பார்கள். லூசியின் முஷ்டிக்கு விழாத போர்வை அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தது.

வசனத்தை முடித்ததும் லைனஸ் போர்வையை மறுபடியும் எடுத்துக்கொண்டுதான் மேடையை விட்டு வருகிறான். இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. விசுவாசம் ஒரே கணத்தில் முழுமையாகிவிட்டது என்று காட்டினால் பிள்ளைகளுக்கே நம்பிக்கை வராது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9:24-இல் கண்ணீரோடு சொன்ன தகப்பனையும் ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லை. படத்தின் முடிவில் அதே போர்வை, ஒரேயொரு அலங்காரப் பந்தின் பாரம் தாங்காமல் வளைந்துபோன சின்ன மரத்தின் அடியைச் சுற்றிக் கட்டப்படுகிறது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறப்பிடக் குகைக்குள் தேவைப்படும்.

இனி வயலுக்கு. எருசலேமிலிருந்து பெத்லகேம் சுமார் 10 கிலோமீட்டர். மேய்ப்பர் வயல் இருக்கும் பெய்த் சாகூர், பெத்லகேமுக்குக் கிழக்கே சரிவில் உள்ள ஊர். வழியில் சோதனைச் சாவடி உண்டு. கடவுச்சீட்டையும், விமான நிலையத்தில் தரும் சிறிய நுழைவுச் சீட்டையும் உடலோடு வைத்திருங்கள். பெட்டியில் வைத்து விடுதியில் விட்டுவருவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. போகும்போது பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை, திரும்பும்போதுதான் கேட்பார்கள். நிலவரத்தைப் பொறுத்துச் சாவடியைத் திடீரென்று மூடிவிடுவதும் உண்டு. ஆகவே கிளம்பும் முன் இந்திய அரசின் பயண அறிவுரையையும் உள்ளூர் வழிகாட்டியின் சொல்லையும் கேட்டுக்கொள்ளுங்கள், அதே நாளில் விமானம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பெத்லகேம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 775 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் இரவில் வெப்பம் சுமார் 6, 7 டிகிரிக்கு இறங்கும், மழையும் அந்தக் காலத்தில்தான். நாகர்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மெல்லிய சால்வையோடு வருகிறவர்கள் நடுங்கிப்போகிறார்கள். அந்தக் குளிரில் திறந்த வெளியில் இராத்தங்குகிற மேய்ப்பனுக்குப் போர்வைதான் வீடு என்பது அங்கே நின்றால் புரியும். காலணி வழுக்காததாக இருக்கட்டும். மழை நனைத்த சுண்ணாம்புக்கல் படிகளில் விழுகிறவர்கள் அதிகம். தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லா ஆலயங்களுக்கும் தேவை.

மேய்ப்பர் வயல் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைக் காட்டுவார்கள். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையிடம் உள்ள இடத்தில், படியிறங்கிப் போகும் மிகப் பழைய நிலவறை ஆலயம் இருக்கிறது. அதன் தரையில் சிலுவை வடிவங்கள் பதித்த மொசைக் உண்டு. தமிழ்நாட்டுக் குழுக்கள் அதிகமாகப் போவது பிரான்சிஸ்கன் துறவிகளின் இடத்துக்கு. ஒய்.எம்.சி.ஏ. வளாகத்திலும் ஒரு குகை இருக்கிறது. எது உண்மையான இடம் என்று வாதிடுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். மந்தையோடு வெளியில் தங்கியவர்கள் இந்தச் சரிவு முழுவதிலும்தான் இருந்திருப்பார்கள்.

பிரான்சிஸ்கன் இடத்தில் உள்ள சிற்றாலயத்தை வடிவமைத்தவர் அந்தோனியோ பர்லூசி. 1950-களில் கட்டப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் மேய்ப்பனின் கூடாரம் போலவே இருக்கும். உள்ளே கூரைக் குவிமாடத்தில் பதித்த கண்ணாடிகள் வழியாக வெளிச்சம் இறங்குகிறது. வசனம் 9-இல் "கர்த்தருடைய மகிமை அவர்களைச் சுற்றிலும் பிரகாசித்தது" என்று இருப்பதைக் கட்டடக்காரர் அப்படி வாசித்திருக்கிறார். சுவரோவியங்கள் மூன்று: தூதன் தோன்றுவது, மேய்ப்பர் பிள்ளையைப் பணிவது, மேய்ப்பர் திரும்பிப் போவது. குவிமாடத்தில் ஒலி நீண்டு எதிரொலிக்கும். வேகமான பாட்டைப் பாடினால் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். மெதுவான ஒரு சரணம் போதும், பாடியபின் எதிரொலி அடங்கும்வரை நில்லுங்கள். வெளியே அடுத்த குழு காத்திருக்கும்.

வேதம் வாசிக்க ஏற்ற இடம் சிற்றாலயம் அல்ல, பக்கத்தில் உள்ள குகை. கூரை தாழ்ந்தது, புகை படிந்து கறுத்தது. உயரமானவர்கள் குனிந்தே வர வேண்டும். லூக்கா 2:8 முதல் 20 வரை ஒருவரே நிதானமாக வாசித்தால் இரண்டு, மூன்று நிமிடம்தான். ஆளுக்கொரு வசனம் பிரித்துக் கொடுக்காதீர்கள், கண்ணாடி தேடுவதிலும் பக்கம் புரட்டுவதிலும் வசனம் அறுந்துவிடும். கைப்பையோ கைபேசியோ, கையில் இருப்பதை 10-ஆம் வசனம் வரும்போது எல்லோரும் கீழே வைக்கட்டும். அந்த வாசிப்பில் படம் எடுக்க ஒருவரும் வேண்டாம். முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம், லைனஸும் எடுத்துக்கொண்டான். பையை விட்டுவிட்டுப் பேருந்து ஏறியவர்களும் உண்டு, ஆகவே பைகளைக் கவனிக்க ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள்.

வாசிக்கும்போது நம் வேதாகமத்தின் சொற்களை உற்றுக் கேளுங்கள். 9-ஆம் வசனத்தில் "மிகவும் பயந்தார்கள்". 10-இல் "மிகுந்த சந்தோஷம்". கிரேக்க மூலத்தில் பெரும் பயம், பெரும் மகிழ்ச்சி என்று இரண்டுக்கும் ஒரே அடைமொழி. பயத்தின் அளவுக்கே சந்தோஷமும் அளக்கப்படுகிறது. சகரியாவிடமும் மரியாளிடமும் "பயப்படாதே" என்று வந்த அதே சொல்தான் மேய்ப்பரிடம் பன்மையில் "பயப்படாதிருங்கள்" என்று வருகிறது.   பயந்ததற்காகத் தூதன் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை என்பதையும் குழுவில் ஒருவர் எடுத்துச் சொன்னால் நல்லது. விசுவாசம் போதவில்லை என்று வியாதியிலும் கடனிலும் உள்ளவர்களைக் குற்றப்படுத்துகிற பிரசங்கங்களைக் கேட்டுச் சோர்ந்தவர்கள் எந்தக் குழுவிலும் இருப்பார்கள்.

ரூத்தை மணந்த போவாசின் வயலும் பெய்த் சாகூர்ப் பக்கத்தில்தான் என்பது மரபு. பெத்லகேமின் களத்தில், கணவனை இழந்த அந்நியப் பெண்ணாகிய ரூத், "உம்முடைய போர்வையை விரியும்" என்று கேட்டது ரூத் 3:9-இல் இருக்கிறது. நேரம் இருந்தால் அதையும் வாசியுங்கள்.

வயலிலிருந்து பிறப்பிட ஆலயத்துக்கு ஏற்றமான பாதை. நடக்க முடிகிறவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூட்டுவலி உள்ளவர்கள் வண்டியிலேயே வரட்டும். ஆலயத்தின் தாழ்மையின் வாசல் சுமார் 1.2 மீட்டர் உயரம்தான். குனியும்போது முதுகுப்பை மேலே இடிக்கும், கழற்றிக் கையில் பிடியுங்கள். குகைக்கான வரிசை கூட்ட நாட்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும். கிரேக்க, ஆர்மேனிய, பிரான்சிஸ்கன் சபைகளின் வழிபாட்டு நேரங்களில் குகையை மூடுவார்கள். ஞாயிறு காலையைத் தவிர்ப்பது நல்லது.

இறங்கும் படிகள் செங்குத்தானவை, தேய்ந்து வழவழப்பானவை. கீழே 14 முனைகள் கொண்ட வெள்ளி நட்சத்திரம் பீடத்தின் அடியில் தரையோடு பதித்திருக்கும். மண்டியிட்டுத் தொட ஆளுக்குச் சில விநாடிகளே கிடைக்கும். ஜெப விண்ணப்பங்களை வரிசையில் நிற்கும்போதே சொல்லி முடித்துவிடுங்கள். நட்சத்திரத்தைத் தொட்டவுடன் பலர் வெளியேறிவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம் சில படிகள் இறங்கினால் முன்னணையின் இடம் இருக்கிறது. மேய்ப்பருக்குச் சொன்ன அடையாளம் அதுதான்: "பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையில் கிடத்தியிருக்கக் காண்பீர்கள்." கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பில் "தீவனத் தொட்டி". பயப்படாதிருக்கச் சொன்னவர் அனுப்பிய அடையாளம், தானே துணி சுற்றிக் கதகதப்பாக்கப்பட வேண்டிய ஒரு பச்சைக்குழந்தை. அந்தச் சின்ன மரத்தைச் சுற்றிய போர்வையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். தன் பயத்துக்காகப் பிடித்திருந்ததை, தன்னைவிட எளிய ஒன்றைப் போர்த்தக் கொடுத்தான் அந்தப் பையன்.

வெளியே வந்ததும் பக்கத்திலுள்ள புனித கத்தரீனம்மாள் ஆலயத்தில் உட்கார இடம் கிடைக்கும். வயதானவர்கள் அங்கே இளைப்பாறட்டும். லூக்கா 2:20-ஐ அங்கே வாசிக்கலாம். மேய்ப்பர்கள் அதே வயலுக்கு, அதே ஆடுகளிடம், அதே குளிருக்குத் திரும்பிப்போனார்கள். சிற்றாலயத்தின் மூன்றாம் ஓவியம் அதைத்தான் காட்டுகிறது. பிறகு தலைகளை எண்ணி, கடவுச்சீட்டுகளைக் கையில் எடுக்கச் சொல்லி, சாவடி வரும் முன்பே எல்லோரையும் ஆயத்தமாக உட்கார வையுங்கள்.